சத்தம் கேக்கணும் சார்!

சொந்தமாக ஒரு வண்டி வாங்கிய அன்றே மனிதனுக்கு மூன்றாவதாக ஒரு காது முளைத்துவிடுகிறது. பஸ்ஸில் போகும்போது அது தூங்கும். அடுத்தவர் பைக்கில் தொற்றிக்கொண்டு போகும்போதும் தூங்கும். நம் வண்டியில் சாவி போட்டதும் விழித்துக்கொள்ளும். ‘ஏதோ சத்தம் வருதே... நேத்து இது இல்லையே...’ பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குக் கேட்காது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. நமக்கு மட்டும் கேட்கும்.

மெக்கானிக்கிடம் போவோம். அவர் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை முறுக்கிவிட்டு, “டேப்பட் சத்தம் சார். டைட் வெச்சா போயிடும்” என்பார். ஒரு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிஷம். சத்தம் போய்விடும். காசைக் கொடுத்துவிட்டு சந்தோஷமாக வீடு திரும்புவோம்.

அப்படி டைட் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு மெக்கானிக்கைப் பற்றித்தான் இந்த வாரம்.

என் நண்பர் ஒருவர் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறார். அவர் வீட்டு ஷெட்டில் ஒரு கார் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கியது. 1967-ம் வருஷத்து எம்ஜிபி. இரண்டே சீட். கூரையை மடக்கினால் வானம். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற சின்ன ஊரில் 1962-லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. உலகத்தில் அதிகம் விற்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. ‘எம்ஜி’ என்பது ‘மோரிஸ் கராஜஸ்’ என்பதன் சுருக்கம். இன்று நம் ரோட்டில் எம்ஜி என்று எழுதிக்கொண்டு ஓசையில்லாமல் போகிற எலெக்ட்ரிக் கார்களுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

நண்பரின் அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து எழுபதுகளில் வாங்கிய கார் அது. அப்பாவுக்கு இப்போது 84 வயசு. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மாடியிலிருந்து இறங்குவதே மாதத்துக்கு ஒரு முறை, ஆஸ்பத்திரிக்கு.

“ஒரே ஒரு தடவை அப்பாவை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள...” என்று ஆரம்பித்த நண்பர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

இன்ஜினை இறக்கினார்கள். சிலிண்டருக்கு போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன். கிராங்க் கிரைண்டிங். புது பேரிங். புது கேம் ஷாஃப்ட், அதோடு புது டேப்பட். ஹெட்டில் எட்டுப் புது வால்வுகள். வெளிநாட்டிலிருந்து பார்சல் மேல் பார்சலாக வந்தது. ஒவ்வொரு பார்சலுக்கும் சுங்க வரி. அந்தப் பணத்தில் ஒரு புது மாருதியே வாங்கியிருக்கலாம் என்று நண்பரின் மனைவி சொன்னார். வாஸ்தவம்தான்.

வேலையை எடுத்துக்கொண்டவர் ராயப்பேட்டையில் இருக்கும் ஒரு பாய். எழுபதைத் தாண்டியவர். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் பட்டறை. நாலு அம்பாசடர் நின்றால் ஐந்தாவதாக ஒரு ஆள் நிற்க முடியாது. அம்பாசடர் மெக்கானிக்குக்கு ஸ்போர்ட்ஸ் காரில் என்ன வேலை என்று நானும்தான் நினைத்தேன். டேப்பட் கவரைக் கழற்றியதும் பாய் சிரித்தார்.

“இது நம்ம அம்பாசடருக்கு அண்ணன் தம்பி.”

சரியாகச் சொன்னார். பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி ‘பி சீரிஸ்’ என்று ஒரு இன்ஜின் குடும்பத்தையே வைத்திருந்தது. அதில் 1489 சிசி அம்பாசடருக்கு வந்தது. கல்யாண ஊர்வலத்துக்கும், கலெக்டர் கேம்ப்புக்கும், தேர்தல் பிரசாரத்துக்கும் ஓடியது. அதே 1489 சிசி, இரட்டை கார்புரேட்டர் மாட்டிக்கொண்டு, 1955-ல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ரேஸுக்குப் போனது. குடும்பத்தில் கொஞ்சம் சதை போட்ட 1798 சிசி பிள்ளைதான் எம்ஜிபி-க்குள் உட்கார்ந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் தாசில்தார் ஆபீஸில் குமாஸ்தா, இன்னொருவன் பைலட். நம் ஊரில் பார்க்காததா?

இன்ஜின் கோத்து, காரில் ஏற்றி, ஸ்டார்ட் செய்த அன்று நானும் இருந்தேன். நாலாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினோம். பாய் கை தட்டவில்லை. ஆக்ஸிலேட்டரை ஐடிலுக்கு விடவே இல்லை. 2,000 ஆர்பிஎம்-க்கு மேலேயே இருபது நிமிஷம் வைத்திருந்தார். புது கேமும் புது டேப்பட்டும் ஒன்றோடு ஒன்று பழகும் முதல் இருபது நிமிஷம்தான் அவற்றின் ஆயுளை எழுதுகிறது. மெதுவாகச் சுற்றினால் கேமின் மேல் எண்ணெய் போதுமான அளவு தெறிக்காது.

பிறகு ஐடிலுக்கு விட்டார். அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்... டக்... டக்...

நண்பரின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட்டில் நம்பர் இல்லாத பையனின் முகம்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வரக்கூடும் என்று புரிய, கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் என்பது மூச்சு விடுகிற ஜந்து. ஒவ்வொரு சிலிண்டருக்கும், காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. நான்கு சிலிண்டருக்கு எட்டுக் கதவுகள். பழைய இன்ஜின்களில் இவற்றைத் திறப்பது ஒரு ரிலே ரேஸ். அடியில் கேம் ஷாஃப்ட் சுற்றும். அதிலிருக்கும் மேடு, டேப்பட் என்ற குட்டிக் குவளையைத் தூக்கும். அது புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ளும். கம்பி, உச்சியில் இருக்கும் ராக்கரின் ஒரு பக்கத்தைத் தூக்கும். பார்க்கில் குழந்தைகள் விளையாடும் சீசா மாதிரி ராக்கரின் மறுபக்கத்து மூக்கு கீழே இறங்கி வால்வின் காம்பை அழுத்தும். கதவு திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. 3,000 ஆர்பிஎம்-மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை இப்படித் திறந்து மூடுகிறது.

ராக்கரின் மூக்குக்கும் வால்வின் காம்புக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு சந்து விடுகிறார்கள். தண்டவாளத்துக்கு நடுவே விடுகிற இடைவெளி மாதிரி. சூட்டில் இரும்பு நீளும், இடம் வேண்டும். இந்தக் காருக்கு அந்தச் சந்து பதினைந்து ‘தௌ’. ஒரு அங்குலத்தை ஆயிரமாக வெட்டி அதில் 15 துண்டு. மில்லிமீட்டரில் 0.38. கல்யாணப் பத்திரிகையின் அட்டை கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்து அதிகமானால் ராக்கர் கொஞ்ச தூரம் சும்மா வந்து ‘டக்’கென்று மோதும். சத்தம் வரும். சந்து குறைந்தால்? சத்தம் வராது. ஆனால் சூடேறி நீண்ட வால்வு முழுசாக மூடாது. புகை வெளியே போகும் வால்வின் சூடு 700 டிகிரி வரை ஏறும். அது குளிர்வதே, மூடியிருக்கும் அந்த இமைப்பொழுதில் தன் சூட்டை ஹெட்டுக்குக் கைமாற்றித்தான். மூடவில்லை என்றால் கைமாற்ற வழியில்லை. ஓரம் கருகி, எரிந்து, ஒரு நாள் வால்வே ஓட்டையாகும்.

அதாவது, கெட்டுப்போவதற்கு முன்னால் அது சத்தம் போடாது. அமைதியாகிவிடும்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2000-வது வருஷம் பிப்ரவரியிலிருந்து இந்தியா முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான் என்று ஆயிற்று. நம் நுரையீரலுக்கு நல்ல காரியம். ஆனால் பழைய இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை. மெத்தை போனதும், வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதைய ஆரம்பித்தது. புதையப் புதைய அதன் காம்பு மேலே ஏறும். சந்து குறையும். டேப்பட் சத்தமும் குறையும். ‘வண்டி நல்லா ஸ்மூத்தா ஆயிடுச்சு’ என்று ஓனர் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஹெட் தேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் நண்பரின் காருக்கு இந்த முறை கடினமான இரும்பில் புது சீட் வளையம் போட்டிருந்தார்கள்.

பாய் தன் விசாரணையை ஆரம்பித்தார். அவரிடம் இருந்த ஸ்டெதாஸ்கோப், ஒன்றரை அடி நீள ஸ்க்ரூ டிரைவர். நுனியை இன்ஜினில் வைத்து, மரப்பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் பேசினால் கையைத் தூக்குவார்.

முதலில் தாளம். கேம் ஷாஃப்ட், கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலில் இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு வால்வுப் பக்கத்துச் சத்தம் நிமிஷத்துக்கு 400 தடவைதான் வரும். கீழே கிராங்க் பேரிங்கில் கோளாறு என்றால் தாளம் அதற்கு இரட்டிப்பாக, கனமாக இருக்கும். “இது மேல் வீட்டுச் சத்தம் சார். கீழ் வீட்டுது இல்ல” என்றார். நண்பருக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்து, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காகத் துண்டித்துப் பார்த்தார். பிஸ்டனோ கனெக்டிங் ராடோ தட்டினால், அந்த சிலிண்டரில் எரிவதை நிறுத்தியதும் சுமை குறைந்து சத்தம் மாறும். மாறவில்லை.

அடுத்து சைலன்ஸர் பக்கம். எக்ஸாஸ்ட் கேஸ்கட்டில் மயிரிழை இடுக்கு இருந்தாலும், புகை கசிந்து அச்சு அசலாக டேப்பட் மாதிரியே தட்டும். ஒரு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இடுக்கு இடுக்காக நகர்த்தினார். அதுவும் இல்லை. இந்தக் காரில் பெட்ரோல் பம்ப்பும் பின்னாலிருந்து ‘டிக் டிக்’ என்று தட்டும் ரகம். சாவி போட்டதுமே, இன்ஜின் ஓடாதபோதே தட்டுகிறதா என்று கேட்டு அதையும் ஒதுக்கினார்.

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்த பிறகு, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை எடுத்தார். டேப்பட் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. வால்வுகளுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை நம்பர். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும். ஐந்தாவது திறந்திருந்தால் நாலாவதை. மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. “எதைக் கூட்டினாலும் ஒன்பது வரணும் தம்பி” என்றார் என்னிடம். எட்டையும் அளந்தார். எட்டும் பதினைந்து. தகடு சரியான இறுக்கத்தோடு வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

கவரை மூடி ஸ்டார்ட் செய்தார்.

டக்... டக்... டக்...

இங்கேதான் நண்பரின் அக்கா மகன் உள்ளே வந்தான். பெங்களூரில் வேலை, கார் பைத்தியம், யூடியூப் உபயத்தில் ஏகப்பட்ட விஷய ஞானம். “மாமா, புது கேமே போயிருக்கும். இப்ப வர்ற ஆயில்ல ஜிங்க் கம்மி. பாய் எந்த ஆயிலை ஊத்தினாரோ” என்றான்.

பையன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. பழைய ரக கேமையும் டேப்பட்டையும் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம். அந்த பாஸ்பரஸ், புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது. அதனால் 2004-ல் வந்த ‘எஸ்எம்’ என்ற ஆயில் தரத்தில் அதன் அளவைக் குறைத்தார்கள். புது எண்ணெயை நம்பி ஊற்றிய பழைய கார்க்காரர்கள் கேமைப் பறிகொடுத்தது நடந்த கதைதான். கேம் போயிருந்தால் மறுபடி இன்ஜினை இறக்க வேண்டும். மறுபடி பார்சல். மறுபடி சுங்க வரி. மறுபடி மூன்று நாலு மாசம். மாடியில் இருப்பவருக்கு 84 வயசு.

“இல்லைன்னா சிம்பிளா பத்து தௌ வெச்சுடச் சொல்லுங்க. சத்தம் நின்னுடும். தாத்தாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு அப்புறம் பாத்துக்கலாம்” என்று இன்னொரு யோசனையும் சொன்னான்.

நண்பர் என்னைப் பார்த்தார். அது எவ்வளவு பெரிய சபலம் என்று எனக்குப் புரிந்தது.

நான் படித்தது பி.காம். டிரையல் பேலன்ஸ் போட்டவர்களுக்கு இந்தச் சபலம் நன்றாகத் தெரியும். இடது பக்கம் கூட்டல் ஒன்று, வலது பக்கம் கூட்டல் இன்னொன்று. நடுவில் 340 ரூபாய் உதைக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு எத்தனை முறை கூட்டினாலும் அதே 340. அப்போது கை கொடுக்க ஒரு ஆபத்பாந்தவன் உண்டு. சஸ்பென்ஸ் அக்கவுன்ட். வித்தியாசத்தை அதில் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். லெட்ஜரை மூடிவிட்டுத் தூங்கலாம். தப்பு எங்கேயும் போகவில்லை. அதற்கு ஒரு பெயர் வைத்து உட்கார வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பதினைந்தைப் பத்தாக்குவது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்.

நண்பர் தயங்கித் தயங்கி பாயிடம் கேட்டே விட்டார். “கொஞ்சம் டைட் வெச்சுப் பாக்கலாமா பாய்?”

பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “வெக்கலாம் சார். சத்தம் நின்னுடும். நீங்களும் சந்தோஷமா காசு கொடுப்பீங்க. ஆனா என்கிட்ட ஏதோ சொல்ல வருது. வாயைப் பொத்தினா எப்படிச் சொல்லும்? எனக்கு ரெண்டு நாள் குடுங்க. அப்புறம் நீங்க வேற பட்டறைக்குத் தூக்கிட்டுப் போங்க. ஐம்பது வருஷத்துல என் கையிலருந்து யாரும் வண்டியைப் பாதியில எடுத்துட்டுப் போனது கிடையாது. பரவாயில்ல.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் நண்பரைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் டேப்பட் கவரைக் கழற்றிவிட்டு, இன்ஜினைத் திறந்தபடியே ஐடிலில் ஓடவிட்டார். எண்ணெய் சட்டையெல்லாம் தெறித்தது. எட்டு புஷ் ராடுகளையும் காட்டினார். “சுத்துது பாருங்க.” உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கம்பியும், மேலும் கீழும் போவதோடு, தன்னைத்தானே மெதுவாகச் சுற்றிக்கொண்டும் இருந்தது. டேப்பட்டின் நடு மையத்தில் கேம் மோதுவதில்லை. கொஞ்சம் தள்ளித்தான் மோதும். அதனால் டேப்பட் சுழலும், கம்பியும் சேர்ந்து சுழலும். ஒரே இடம் தேயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. கேம் தேய்ந்துபோனால் இந்தச் சுழற்சி நின்றுவிடும். எட்டும் சுழன்றன. கேம் நிரபராதி. பையன் மாமாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினிலேயே, ஒவ்வொரு ராக்கர் மூக்கின் அடியிலும் ஒரு மெல்லிய தகட்டை நுழைத்தார். இடைவெளி எங்கே அதிகமோ, அங்கே தகடு போனதும் சத்தம் அடங்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... மாற்றமில்லை. நாலில் சத்தம் பாதியானது. ஆறில் இன்னொரு பாதி போனது.

நாலும் ஆறும். காலையில் இரண்டும் பதினைந்து காட்டிய வால்வுகள். தகடு சரி என்கிறது. சத்தம் இல்லை என்கிறது. யாரை நம்புவது?

“ரெண்டு பேரும் பொய் சொல்லல. நடுவுல ஒருத்தன் இருக்கான்” என்றார் பாய்.

ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்ற அவர் அதுவரை தயங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த இன்ஜினில் அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் அவசரமாகத் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளலாம், கேஸ்கட் போகலாம். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹெட்டின் எல்லா நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் மேலே எடுக்க வேண்டும். மறுநாள் அதற்கே முற்பகல் போனது.

எடுத்த ராக்கரைத் தலைகீழாகத் திருப்பி, வால்வை அழுத்தும் மூக்கின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நகம் தட்டியது. என் கையில் கொடுத்தார். கண்ணுக்கு வழவழவென்று பளபளத்தது. நகத்துக்கு மட்டும் தெரிந்தது, நடுவில் ஒரு குழி. வால்வு நுனியின் அகலத்துக்குக் கச்சிதமான ஒரு சின்னக் கிண்ணம்.

விஷயம் விளங்கியது. ராக்கரின் மூக்கு வால்வை வெறுமே அழுத்துவதில்லை. ஒவ்வொரு முறையும் அதன் மேல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டுதான் அழுத்தும். கோடிக்கணக்கான முறை வழுக்கியதில் விழுந்த குழி அது. ஃபீலர் கேஜ் என்பது தட்டையான தகடு. குழியின் இரண்டு கரைகளிலும் பாலம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பாலத்துக்குக் கீழே அளந்தது பதினைந்து. பாலத்துக்கு மேலே, குழிக்குள் ஒளிந்திருந்தது இன்னும் அஞ்சாறு தௌ. வால்வு போய் மோதுவது குழிக்குள். ஆக, நிஜமான சந்து இருபதுக்கும் மேல்.

பழைய வால்வு இருந்தவரை குழியும் வால்வும் ஒன்றுக்கொன்று தேய்ந்து ஒத்துப்போயிருந்தன. இப்போது வந்தது புது வால்வு. ஒருத்தர் காலுக்குப் பழகின செருப்பை இன்னொருத்தர் மாட்டிக்கொண்ட கதை.

கணக்கில் இதற்கும் பெயர் உண்டு. காம்பென்சேட்டிங் எரர். ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துவிடும். டிரையல் பேலன்ஸ் அழகாக டாலி ஆகும். ‘டாலி ஆயிடுச்சு, அதனால கணக்கு சரி’ என்று எந்த ஆடிட்டரும் எழுதித் தரமாட்டார் என்பதை முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான், ஒரு பட்டறையில்.

ஹெட் வேலையை நண்பர் வெளியே ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருந்தார். அங்கிருந்து ராக்கரும் ஷாஃப்ட்டும் கழுவி, துடைத்து, கோத்தே வந்தன. பில்லை எடுத்துப் பார்த்தோம். ‘ராக்கர் அசெம்ப்ளி - சர்வீஸ்’ என்று ஒரே ஒரு வரி. நம் ஊர் பில்களில் ‘சர்வீஸ்’ என்ற சொல்லுக்குப் பல நேரங்களில் ‘தண்ணி ஊத்திக் கழுவினோம்’ என்று அர்த்தம். நண்பருக்குக் கோபம் வந்தது. போனை எடுத்தார்.

பாய் தடுத்தார். “அவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி என்னைத் திட்டுங்க சார். பளபளன்னு இருக்கேன்னு திருப்பிப் பாக்காம மாட்டினது நான்.”

சொல்லியிருக்கவே வேண்டாம். அந்த ஒர்க்‌ஷாப் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. நண்பர் போனை வைத்துவிட்டார்.

அபிங்டன் தொழிற்சாலையை 1980-லேயே மூடிவிட்டாலும், பிரிட்டனில் இந்தக் காருக்கு இன்றும் உதிரி பாகம் செய்கிறார்கள். எட்டு ராக்கர், ஒரு ஷாஃப்ட். பார்சல் வர மூன்று வாரம் ஆனது. சுங்க வரி வழக்கம்போல. அந்த மூன்று வாரமும் நண்பர் பத்து தௌ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கார் பாயின் பட்டறையிலேயே இருந்தது. அக்கா மகன் மட்டும் பெங்களூரிலிருந்து பாய்க்கு நேராக போன் போட்டு ‘பார்சல் வந்துச்சா பாய்?’ என்று விசாரித்துக்கொண்டிருந்தானாம்.

புது ராக்கர் மாட்டி, ஒன்பது வாய்ப்பாட்டின்படி எட்டுக்கும் பதினைந்து வைத்து, ஸ்டார்ட் செய்தார்கள். பழைய ‘டக் டக்’ போய்விட்டது. ஆனால் முழு நிசப்தம் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ சீரான வேகத்தில் தையல் மெஷின் மிதிப்பது மாதிரி ஒரு மெல்லிய சலசலப்பு.

நண்பரின் மூன்றாவது காது விழித்துக்கொண்டது. “இன்னும் லேசா கேக்குதே பாய்...”

“இது கேக்கணும் சார். எட்டும் ஒரே மாதிரி கேக்குதா பாருங்க. ஒண்ணு மட்டும் தனியா கத்தினா என்கிட்ட வாங்க. ஒண்ணுமே கேக்கலைன்னா ஓடி வாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, டிராஃபிக் தொடங்கும் முன், அப்பாவை இறக்கினார்கள். எம்ஜிபி-யில் ஏறுவது என்பது ஏறுவதல்ல, இறங்குவது. சீட் அவ்வளவு தாழ்வு. நாலு பேர் பிடித்து உட்கார வைக்கக் கால் மணி நேரம் ஆனது. கதவைச் சாத்திவிட்டு, நண்பர் ஸ்டார்ட் செய்தார். அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“டேப்பட் யார் பாத்தது?”

“ராயப்பேட்டை பாய்ப்பா.”

“எவ்வளவு வெச்சிருக்கான்?”

“பதினஞ்சுப்பா.”

“ம்... பத்து வெக்கச் சொல்லி எவனாவது சொல்லியிருப்பானே?”

நண்பர் பதில் சொல்லவில்லை. கியரைப் போட்டார்.